'நானோ' என்று சொன்னால் போதுமா?



ஆசிரியப் பெருமக்களே, அன்புப் பெற்றோர்களே! இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் 'நானோ'.

சில ஆண்டுகளாக இச்சொல் நம் சமுதாயத்தில் படும் பாட்டைக் காணச் சகிக்கவில்லை. நானோ நீர், நானோ எண்ணெய், நானோ மஞ்சள், நானோ கைவளையம், நானோ பற்பசை! புலனத்தில் வருகிறது, முகநூலில் வருகிறது, திருமண வீட்டில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, "ஐந்து நிமிடம் பேசலாமா?" என்று கேட்பவரின் கைப்பையிலிருந்தும் வருகிறது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பிள்ளைகளின் வலிப்பு, எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு 'நானோ' புட்டி ஆயத்தமாக இருக்கிறது.

மற்றொரு பக்கம் நம் மேடைகள். "மேலைநாட்டார் இன்று கண்டுபிடித்த நானோ மருத்துவத்தை நம் சித்தர்கள் அன்றே பற்பமாகவும் செந்தூரமாகவும் செய்துவிட்டார்கள்" என்று ஒருவர் முழங்குகிறார். மண்டபம் கைதட்டுகிறது. அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் மண்டபத்தின் வாயிலில் புட்டிகள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன.

என் வழக்கு இதுதான். அளந்து பாராத ஒன்றை 'நானோ' என்று அழைப்பது பொய். சிறியதாக இருக்கிறது என்பதற்காகவே ஒன்றை மருந்து என்று சொல்வது அதைவிடப் பெரிய பொய். இவ்விரண்டையும் கேள்வி கேட்காமல் விடுவது, அறிவியலைத் தமிழில் கற்பிக்கும் நமக்கு அழகன்று.

நானோ என்பது ஓர் அளவு

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். நானோமீட்டர் என்பது நீளத்தை அளக்கும் அலகு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள பொருள்களைக் கையாளும் துறையே நானோ தொழில்நுட்பம். கிலோ, மில்லி என்பவை போல 'நானோ'வும் ஓர் அளவு முன்னொட்டு. "இது மில்லி மருந்து, எல்லா நோயும் தீரும்" என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம் அல்லவா? "நானோ மருந்து" என்றால் மட்டும் ஏன் கைகூப்புகிறோம்?

இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன்? கற்கண்டையும் பொடித்த சீனியையும் நீரிலிட்டுப் பாருங்கள். சீனி விரைவாகக் கரையும், நீர் தொடும் பரப்பு கூடுதலாக இருப்பதால். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்ட முடிந்தால் மொத்தப் புறப்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகும். கிட்டத்தட்ட ஒரு காற்பந்துத் திடல்! அதனால்தான் பொருள் அதே பொருளாக இருந்தாலும் அது கரையும் விதமும், உடலுக்குள் செல்லும் விதமும், வினைபுரியும் விதமும் மாறுகின்றன. மாறுகின்றன என்றுதான் சொன்னேன். நன்மையாக மாறும் என்று சொல்லவில்லை.

உண்மையான நானோ மருந்து எப்படி வந்தது?

டாக்சோரூபிசின் என்று ஒரு புற்றுநோய் மருந்து உண்டு. புற்று அணுக்களைக் கொல்லும். கூடவே இதயத்தையும் கெடுக்கும். மருந்தை ஓர் உறைக்குள் வைத்து அனுப்பினால் இதயத்திற்குச் செல்லும் அளவு குறையாதா என்று அறிவியலாளர்கள் எண்ணினர். 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்கம், சில கொழுப்புப் பொருள்கள் நீரில் தாமாகவே நுண்குமிழ்களாகச் சேர்வதைக் கண்டறிந்திருந்தார். லைப்போசோம் எனப்படும் அக்குமிழுக்குள் டாக்சோரூபிசினை அடைத்து, நோயெதிர்ப்பு அணுக்கள் எளிதில் அடையாளம் காணாதபடி மேலே ஒரு பூச்சும் பூசி உருவாக்கிய மருந்துதான் டாக்சில். குமிழின் அளவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். 1995இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

கணக்குப் பாருங்கள். குமிழ் கண்டறியப்பட்டதிலிருந்து மருந்து வருவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள்! அதுவும் குறையற்ற மருந்தா? இதயப் பாதிப்பு குறைந்தது உண்மை. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் சிவந்து உரியும் துன்பம் கூடியது. அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானோ துகளில் ஏற்றிச் செலுத்தும் மருந்தில் எவ்வளவு உண்மையிலேயே புற்றுக் கட்டியைச் சென்றடைகிறது? டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விலங்குகளில் பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் விடை சொன்னார்கள்: இடைநிலை அளவு 0.7 விழுக்காடு. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! தம் துறையின் குறையைத் தாமே அளந்து உலகறியச் சொன்னார்கள். நம் வீட்டுக்கு வரும் நானோ வணிகர் எவரேனும், "எங்கள் பொருளில் 0.7 விழுக்காடுதான் வேலை செய்கிறது" என்று சொல்லிக் கேட்டதுண்டா? அவருடையது எப்போதும் நூற்றுக்கு நூறு.

கையில் ஏறிய நானோவும் புட்டியில் வந்த நானோவும்

நம்மில் பலருக்கு உண்மையான நானோ மருந்து ஏற்கெனவே செலுத்தப்பட்டிருக்கிறது. 2021 பிப்ரவரி 24ஆம் நாள் மலேசியாவில் கோவிட் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது முதலில் போடப்பட்டது ஃபைசர் தடுப்பூசி. அதிலுள்ள எம்.ஆர்.என்.ஏ. மிக மென்மையானது, அப்படியே செலுத்தினால் உடலுக்குள் விரைவில் சிதைந்துவிடும். அதைக் காத்து நம் அணுக்களுக்குள் சேர்ப்பது ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புத் துகள். நானோ மருத்துவத்தை உலக மக்கள் கோடிக்கணக்கில் பெற்றுக்கொண்டது இந்தத் தடுப்பூசி வழியாகத்தான். அதற்கும் பக்க விளைவுகள் உண்டு. அரிதாக இளைஞர்களுக்கு இதயத்தசை அழற்சி ஏற்பட்டது. அது கணக்கெடுக்கப்பட்டு வெளியிடப்பட்டது.

வேடிக்கையைப் பாருங்கள். அந்நாளில் "தடுப்பூசியில் ஏதோ நுண்துகள் இருக்கிறதாம், போட்டுக்கொள்ளாதீர்கள்" என்று செய்தி பரப்பிய அதே புலனக் குழுக்களில்தான் "நானோ துகள் கலந்த நீர் குடியுங்கள், தொற்று அண்டாது" என்றும் செய்தி வந்தது. பல்லாயிரவர் மீது சோதித்து, அளந்து, குறைகளையும் வெளியிட்ட நானோவைக் கண்டு அஞ்சினோம். எவரும் அளக்காத நானோவைக் கடன்பட்டு வாங்கினோம். இதற்குப் பெயர் மரபுப் பற்றா?

சிறியது என்றாலே நல்லதா?

2019 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். புகைமூட்டத்தால் பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் புகையில் நாம் எதற்கு அஞ்சினோம்? 2.5 மைக்ரோமீட்டருக்கும், அதாவது 2,500 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களுக்கு. துகள் சிறிதாகச் சிறிதாக நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லும். மிகச் சிறியவை குருதியிலும் கலக்கும். அவற்றுள் 100 நானோமீட்டருக்கும் குறைந்தவை உண்டு. அவையும் 'நானோ'தான்! விளக்கின் சுடரில் படியும் கரியிலும் நானோ துகள்கள் உள்ளன. அதற்காகக் கரியை எவரும் குழைத்துக் குடிப்பதில்லை.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்க்குமின் உடலில் எளிதில் ஏறாது. மிளகிலுள்ள பைப்பரினுடன் சேர்த்தால் அது குருதியில் பன்மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் இரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்வது மகிழ்ச்சிக்குரியதே. சமையல் அளவில் அது உணவு. ஆனால் குர்க்குமினைச் செறிவாக்கி, உடலில் கூடுதலாக ஏறும்படி செய்து மாத்திரையாக விற்கும்போது கதை மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: மஞ்சள், குர்க்குமின் கலந்த மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு ஏற்படலாம்; உடலில் கூடுதலாக ஏறும்படி செய்யப்பட்டவற்றில் இந்த இடர் மிகுதியாக இருக்கலாம். 'நானோ மஞ்சள்' விற்பவர் பெருமையாகச் சொல்லும் சிறப்பும் அதுவே: "எங்கள் மஞ்சள் உடலில் நன்றாக ஏறும்!" ஏறட்டும் ஐயா. எவ்வளவு ஏறும்? எந்த அளவைத் தாண்டினால் தீங்கு? அந்த எண் எங்கே?

சித்தர் பெயரைச் சொல்லி

இனி, சிலருக்குச் சினம் தரக்கூடிய இடத்திற்கு வருகிறேன்.

பற்பம், செந்தூரம் ஆகியவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள் சிலவற்றில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இதை மறுப்பதற்கில்லை. புடமிட்டுப் புடமிட்டு, அரைத்து அரைத்துச் செய்யும் பொருள் மிக நுண்ணியதாவது இயல்பே. அந்தச் செய்ந்நேர்த்தி வியப்புக்குரியது. ஆனால் துகள் சிறியது என்பதால் அதிலுள்ள ஈயமோ பாதரசமோ நச்சற்றதாகிவிடும் என்று பொருளில்லை. உலோகம் வேறொரு சேர்மமாக மாறினால் அதன் நச்சுத்தன்மையும் மாறலாம். மாறியதா என்பதை ஒவ்வொரு தயாரிப்பிலும் சோதித்துத்தான் அறிய வேண்டும். கைதட்டி அறிய முடியாது.

சோதித்தவர்கள் என்ன கண்டார்கள்? 2004இல் வெளியான ஆய்வின்படி, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. இணையத்தில் விற்ற 193 பொருள்களைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்விலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அதே நிலை. இவை ஆயுர்வேதப் பொருள்கள், சித்த மருந்துகள் அல்ல என்பது சரி. ஆனால் உலோகங்களைச் சேர்த்து மருந்து செய்யும் முறை இரண்டிலும் உண்டு. எனவே அதே கேள்வி நமக்கும் உண்டு. பிள்ளைகளைப் பொறுத்தவரை ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது வளரும் மூளையைத் தாக்குகிறது. இழந்த அறிவாற்றலை மீட்டுத் தர மருந்தில்லை.

"இவர் சித்தர்களை இழிவுபடுத்துகிறார்" என்று சிலர் சொல்லக்கூடும். சித்த மருத்துவம் பிறந்த நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். இந்தியச் சட்டத்தில் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நஞ்சுப் பொருள்களுக்கென்று தனிப் பட்டியலே உண்டு. அவை சேர்ந்த உள்மருந்துகளின் மேலுறையில், மருத்துவரின் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். சென்னைத் தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனத்தில் பட்ட மேற்படிப்புப் பயின்று வரும் மருத்துவர் நாடி பார்த்து, வயது பார்த்து, அளவு பார்த்துத் தருகிறார். அதே மருந்தை மூன்று மணிநேர விற்பனைப் பயிற்சி பெற்றவர் "எல்லாருக்கும் ஒரு தேக்கரண்டி" என்று தருகிறார். சித்தரை இழிவுபடுத்துபவர் யார்?

நம் அரசும் மரபு மருத்துவத்திற்குப் பகையன்று. அரசு மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு முதன்முதலாகத் திறக்கப்பட்டதே நம் மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில்தான், 2007இல். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் இந்தியப் பாரம்பரிய மருத்துவத்தையும் ஏற்றிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. முறையாக உள்ளே வரச் சொல்கிறார்கள், அவ்வளவே.

சட்டம் நம் கையில்தான் இருக்கிறது

பல பெற்றோர் அறியாத செய்திகள் சில.

1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி சர்க்கரை நோய், புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளிட்ட 20 நோய்களைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. அப்படி விளம்பரம் செய்பவர் முதல் வரியிலேயே சட்டத்தை மீறிவிட்டார்.

மருந்தாகவோ ஊட்டப் பொருளாகவோ மாத்திரை, பொடி வடிவில் ஆலையில் செய்து விற்கப்படுபவை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு எண் 'எம்.ஏ.எல்.' என்ற எழுத்துகளில் தொடங்கும். பாரம்பரிய மருந்து என்றால் 'டி' என்று முடியும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எவரும் தேடிச் சரிபார்க்கலாம். பதிவு பெறும் பாரம்பரிய மருந்தில் ஒரு கிலோகிராமுக்கு ஈயம் 10 மில்லிகிராமையும், பாதரசம் 0.5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. பதிவில்லாப் புட்டியில் இவற்றை யார் அளந்தார்கள்? 'பாரம்பரியம்' என்று விற்கப்பட்ட பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. "சாப்பிட்ட மறுநாளே மூட்டுவலி போய்விட்டது" என்ற அதிசயத்தின் மறைபொருள் பல வேளைகளில் இதுதான்.

'நானோ' என்னும் சொல்லுக்கே சான்றிதழ் உண்டு. நானோமலேசியா நிறுவனமும் சிரிமும் சேர்ந்து 'நானோவெரிஃபை' என்னும் சான்றளிப்பை நடத்துகின்றன. பொருளில் உண்மையிலேயே நானோ அளவுக் கூறு இருக்கிறதா என்பதை அது சொல்லும். நோய் தீருமா என்பதை அது சொல்லாது. சான்றிதழைக் காட்டினால்கூட இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

"ஆங்கில மருந்துக்கும் பக்க விளைவு உண்டே!" என்பது வழக்கமான மறுமொழி. உண்டு, மறுக்கவில்லை. அந்த விளைவு மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சிடப்பட்டிருக்கிறது. பக்க விளைவே இல்லை என்று சொல்லும் பொருளுக்கு இரண்டு விளக்கங்களே உண்டு: அது எந்த விளைவையும் தராது, அல்லது எவரும் சோதிக்கவில்லை.

ஆசிரியர்களே, இது நம் பாடம்

இதையெல்லாம் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாம் அன்றாடம் கற்பிக்கும் அறிவியல் செயற்பாங்குத் திறன்களை எண்ணிப் பாருங்கள்: உற்றறிதல், வகைப்படுத்துதல், அளவெடுத்தலும் எண்களைப் பயன்படுத்துதலும், ஊகித்தல், மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல். "என் மாமா குடித்தார், குணமானார்" என்ற சான்றை ஆறாம் ஆண்டு மாணவன் உடைத்துவிடுவான். மாமா அப்போது வேறு மருந்து சாப்பிட்டாரா? உணவை மாற்றினாரா? குடிக்காத மாமா ஒருவருடன் ஒப்பிட்டீர்களா? மாறிகளைக் கட்டுப்படுத்தாத சோதனைக்கு நாம் மதிப்பெண் தருவோமா? மாணவனுக்குத் தராத மதிப்பெண்ணை வணிகருக்கு ஏன் தருகிறோம்?

எனவே வகுப்பறைச் சுவரிலும் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் கதவிலும் இந்த ஐந்து கேள்விகளை எழுதி ஒட்டுங்கள்:

1. நானோ என்கிறீர்களே, எத்தனை நானோமீட்டர்? அளந்தது யார்?
2. உள்ளே இருக்கும் பொருள் எது? ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம்?
3. எத்தனை பேரிடம், எதனுடன் ஒப்பிட்டுச் சோதித்தீர்கள்?
4. என்ன தீங்கு வரலாம்? யார் உட்கொள்ளக் கூடாது?
5. பதிவு எண் என்ன?

ஐந்துக்கும் விடை சொல்பவரிடம் மேலும் பேசலாம். "முதலில் நம்புங்கள், பிறகு தெரியும்" என்பவரிடம் வாயிற்கதவைக் காட்டலாம்.

பணம் போவது மட்டும் இதில் கேடு அன்று. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. நாட்டின் எல்லா இனத்தாரிலும் நாமே முதலிடம்! அரசுச் சுகாதார நிலையத்தில் சிறு கட்டணத்தில் கிடைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு, மாதம் சில நூறு வெள்ளிக்கு நானோ நீர் குடிப்பவர் ஒருவர் அல்லர். கால் இழப்பவரும் சிறுநீரகம் இழப்பவரும் நம் மாணவர்களின் தாத்தாக்களும் பாட்டிகளும்தாம். வலிப்பு மருந்தைப் பெற்றோர் நிறுத்திவிட்டதால் பள்ளித் திடலில் விழும் பிள்ளையைத் தூக்குவது நாம்தான்.

இதில் மற்றோர் இழப்பும் உண்டு. "எல்லாம் சித்தர்கள் அன்றே செய்துவிட்டார்கள்" என்று பதினோரு வயதில் கேட்டு நம்பும் பிள்ளை, இனிக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை என்று எண்ணிவிடும். நம் தீவிலேயே, குளுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருந்தாக்க அறிவியல் பள்ளி 1972 முதல் இயங்குகிறது. அந்த ஆய்வுக்கூடத்தில் நின்று, செந்தூரத்தின் துகளை அளந்து, எது நன்மை, எது நஞ்சு என்று சான்றோடு சொல்லப் போகிறவர் நம் தமிழ்ப்பள்ளியில் இப்போது படித்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு நாம் தர வேண்டியது அளவுகோல்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் முன்மொழியுங்கள்: பதிவு எண் இல்லாத எந்த மருந்துப் பொருளுக்கும், பதிவு எண் இருந்தாலும் நோய் தீர்க்கும் என்று பேசும் எந்த விற்பனையாளருக்கும் நம் பள்ளி மண்டபத்தில் இடமில்லை. விளம்பரப் பதாகைக்கு நன்கொடை தருகிறார்கள் என்றாலும் இடமில்லை. அந்த நன்கொடை எந்தப் பாட்டியின் மாத்திரைப் பணம் என்பது நமக்குத் தெரியாது.

அன்புடன்,
பினாங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்